ஆரஞ்சுக் கொடிக்கு இந்தப் பக்கம்

ஏம்மா, அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கறியா? நானும் ஒக்காந்துக்கறேன். அப்படியே ஜன்னலோரத்தையும் எனக்குக் குடுத்துடேன், உனக்குப் புண்ணியமாப் போகும். காத்து வரலைன்னா எனக்குத் தலை சுத்தும். அப்பாடா. எங்க அண்ணி சொல்லித்தான் அனுப்புனாங்க. "வனஜா, ஜன்னலோரமாப் பாத்து ஒக்காரு. பக்கத்துல யாராவது நல்ல முகமா இருந்தா பேசிக்கிட்டே போ, நேரம் போறதே தெரியாது"ன்னு. உனக்கு நல்ல முகம்தான்.

எங்க எறங்கணும் நீ? கடைசி ஸ்டாப்பா? ரொம்ப நல்லதாப் போச்சு. நான் தாலுகா ஆபீஸ் ஸ்டாப்ல எறங்கணும். இன்னும் தூரம் இருக்கு. வந்தா ஒரு வார்த்தை சொல்லிடும்மா.

எங்க வீட்டுக்காரர் வண்டியில கொண்டாந்து விடறேன்னுதான் சொன்னாரு. அண்ணிதான் வேணாம்னுட்டாங்க. "ஏகாம்பரத்துக்கு முதுகு வலி, இந்த ரோட்டுல குலுங்கினா தாங்குவானா? நீ பஸ்ல போ, பொம்பளைங்களுக்கு ஃப்ரீதானே"ன்னாங்க. தம்பி மேல அவ்வளவு பாசம். ஏகாம்பரம்தான் எங்க வீட்டுக்காரர். அண்ணி அவருக்குக் கூடப் பொறந்த அக்கா. லோகநாயகின்னு பேரு. பேருக்கேத்த மாதிரி லோகத்தையே ஆளணும் அவங்களுக்கு. லோகம் கிடைக்கல, என் அடுக்களை கிடைச்சுது.

இந்தப் பையா? ஒண்ணும் இல்ல, ஒரு மனு இருக்கு. ஆட்சேபணை மனு. இன்னைக்குத்தான் கடைசி நாள். சாயந்தரம் ஆபீஸ் மூடறதுக்குள்ள குடுத்துட்டா மறுபடி வந்து அளப்பாங்க. குடுக்கலையா, போட்ட கோடு போட்டதுதான். எங்க வீட்டுப் பின்பக்கத்தை ஈரநிலம்னு எழுதிட்டுப் போயிட்டாங்கம்மா! என் தோட்டம் சதுப்பு நிலமாம். அங்க ஒரு செங்கல் வைக்கக் கூடாதாம். கேட்டியா அநியாயத்தை?

நீயே சொல்லு. அல்லிச்சோலை நகர்னு கேள்விப்பட்டிருக்கியா? ஏரிக்கரை தாண்டி, மண் ரோடு பிரியுமே, அங்கதான். எங்க பெரியவன் ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்போ வாங்கின மனை. அளக்க வந்த பொண்ணு கேக்கறா, "இந்த எடத்துக்கு ஏன் அல்லின்னு பேரு வந்துது ஆன்ட்டி"ன்னு. மனை போட்டு வித்தவரு பொண்ணு பேரா இருக்கும்னேன். வேற என்னவா இருக்கும்?

அங்க ஒரு சொட்டுத் தண்ணி நிக்காதும்மா. ஐப்பசி கார்த்திகையில நிக்கும். அது எங்கதான் நிக்கல? மார்கழியில கொஞ்சம் நிக்கும். பொங்கலுக்கு வாசல்லதான் பானை வைப்போம், பின்னாடி கால் வச்சா முழங்கால் வரைக்கும் உள்ள போயிடும்ல. மாசி வந்தா காஞ்சிடும். மாசி கடைசியில. அதுக்கப்புறம் பாரு, கட்டாந்தரை. சித்திரையில அங்கதான் வடாம் காயப் போடறோம். வடாம் காயற எடத்தை ஈரநிலம்னா யாராவது ஒத்துக்குவாங்களா?

அப்புறம் ஒரு கோழி. நீலக் கலர், செவப்பு மூக்கு, காலு இம்மாம் நீட்டு. தினம் காலையில பின்னாடி வந்து மேயும். யாரு வீட்டுக் கோழியோ தொறந்து விட்டுட்டாங்களேன்னு தெருத் தெருவா நான் விசாரிச்சேன். ஒருத்தரும் என்னுதுன்னு சொல்லல. ஓசியில கெடைக்குதுன்னா வேற எதுக்கும் சும்மா இருக்க மாட்டாங்க எங்க தெருவுல. அந்தப் பொண்ணு அதைப் பாத்துட்டு அப்படி ஒரு சந்தோஷம், ஃபோட்டோவா எடுக்கறா. அது வீட்டுக் கோழி இல்லையாம், தாழைக்கோழியாம், சதுப்புல மட்டும்தான் வாழுமாம். அட, வழி தவறி வந்திருக்கும். வருஷா வருஷம் வழி தவறி வருது, குஞ்சோட.

சிரிக்கறியா? சிரி சிரி. உன் வீட்டுல கோடு போட்டாத் தெரியும்.

சரி, மொதல்லேர்ந்து சொல்றேன். எல்லாத்துக்கும் காரணம் ஒரு ரூம். அண்ணிக்குன்னு பின்னாடி ஒரு ரூம் கட்டிக் குடுக்கலாம்னு நெனச்சேன். அண்ணன் தவறினப்போ, அதான் அவங்க வீட்டுக்காரர், ஒரு பதினஞ்சு நாள் இருந்துட்டுப் போறேன்னு எங்க வீட்டுக்கு வந்தாங்க. வந்தது பெரியவன் கல்யாணத்துக்கு முன்னாடி. இப்ப அவன் பொண்ணு ஸ்கூல் போவுது, பெங்களூர்ல. அந்தப் பதினஞ்சு நாள் இன்னும் முடியல. புள்ளைங்க கிடையாது அவங்களுக்கு. எங்க போவாங்க பாவம். நான் போகச் சொல்லலையே. ஆனா ஒரு அடுக்களையில ரெண்டு பேரு எப்படிம்மா?

நான் உப்பு டப்பாவை அடுப்புக்கு எடது பக்கம் வச்சா, திரும்பிப் பாக்கறதுக்குள்ள வலது பக்கம் போயிருக்கும். நான் மடிச்ச புடவையைத் திருப்பி மடிப்பாங்க. நான் கோலம் போட்டுட்டு உள்ள வந்தா, அவங்க போய் ஒரு புள்ளி கூட வச்சுட்டு வருவாங்க. ஒரே ஒரு புள்ளி! எதுக்கு அண்ணின்னா, "எடம் காலியா இருந்துது வனஜா"ம்பாங்க. சீரியல் பாக்கறப்போ அடுத்து என்ன நடக்கும்னு முன்னாடியே சொல்லிடுவாங்க. சொன்ன மாதிரியேதான் நடக்கும், அதான் எனக்கு ஆத்திரம்.

அதனால ஒரு ரூம். அட்டாச்டு பாத்ரூம். தனி அடுப்பு. அவங்க டப்பாவை அவங்க இஷ்டத்துக்கு வச்சுக்கட்டும். மனசுல கெட்ட எண்ணம் எதுவும் இல்ல, அவங்க நிம்மதிக்குத்தான். சொன்னேன் அவங்ககிட்ட. கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. "தனி அடுப்பா?"ன்னாங்க. ஆமா அண்ணின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி, "தனி அடுப்பா?"ன்னாங்க. காது மந்தமாயிடுச்சு போலன்னு சத்தமாச் சொன்னேன். "சரி வனஜா, உன் இஷ்டம்"னுட்டு எந்திரிச்சுப் போய் அரிசி களைஞ்சாங்க. களைஞ்சாங்க களைஞ்சாங்க, அப்படிக் களைஞ்சாங்க. அன்னைக்கு சோறு குழைஞ்சு போச்சு. சந்தோஷத்துல கை ஓடல போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

என்னது, இது எந்த ஸ்டாப்பு? கூட்ரோடுதானே. இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு.

எங்க வுட்டேன்? ஆங். பிளான் அப்ரூவலுக்கு எழுதிப் போட்டோம். பதில் வருது, உங்க ஏரியாவுல ஈரநில எல்லையை அளந்து குறிக்கறோம், ஆளு வந்து பாக்கும், கோட்டுக்கு அந்தப் பக்கம் புதுசா எதுவும் கட்டக் கூடாது, இந்தப் பக்கம்னா கட்டிக்கலாம்னு. எங்க வீட்டுக்காரர் சொல்றாரு, "வனஜா, அவங்க மூணு விஷயம் பாப்பாங்களாம். தண்ணி நின்ன அடையாளம், மண்ணு, அப்புறம் மொளைச்சிருக்கற செடி. மூணும் இருந்தா சதுப்பு." அவ்வளவுதானா, மூணையும் இல்லாம பண்ணிட்டாப் போச்சுன்னேன்.

நான் எறங்கி வேலை பாத்தேம்மா. ஆளைக் கூப்ட்டு கோரைப் புல்லையெல்லாம் அறுத்தேன். ஒரு டிராக்டர் இடிச்ச கட்டட மண்ணு கொண்டாந்து கொட்டினேன். கொட்டினது எங்க போச்சுன்னே தெரியல, தரை முழுங்கிடுச்சு. இன்னொரு டிராக்டர் கொட்டினேன். சுத்துச் சுவர்ல உள்பக்கமா பழுப்பா ஒரு கோடு இருக்கும், போன மழைக்குத் தண்ணி ஏறின கோடு. எங்க வீட்டுக்காரரை விட்டு சுண்ணாம்பு அடிக்க வச்சேன். அவரு எப்படி ஆளுன்னா, கோடு வரைக்கும் மட்டும் அடிச்சுட்டு வந்து டீ கேக்கறாரு. கீழ்ப்பாதி வெள்ளை, மேல்பாதி பாசி. பள்ளிக்கூடத்துப் புள்ள சாக்ஸ் போட்ட மாதிரி நிக்குது சுவரு.

அண்ணி மட்டும் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "குளியலறைக்குப் பின்னாடி இருக்கற கீரையை அறுக்காத வனஜா. வல்லாரை ஏகாம்பரத்துக்கு வேணும், மறதி ஜாஸ்தியாயிடுச்சு அவனுக்கு"ன்னு. நியாயம்தானே? விட்டுட்டேன். அங்க யாரு போய்ப் பாக்கப் போறாங்க.

அவங்க வர்ற அன்னைக்குக் காலையில அண்ணியை ஒக்கார வச்சுப் பாடம் எடுத்தேன். "அண்ணி, நீங்க வெள்ளந்தி, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவங்க எது கேட்டாலும் வாயைத் தொறக்காதீங்க. நான் பேசிக்கறேன். ஃப்ரிட்ஜை ஏன் செங்கல் மேல வச்சிருக்கீங்கன்னு கேட்டா மட்டும், எலிக்குன்னு சொல்லுங்க"ன்னேன். "நான் எதுக்கு வனஜா பேசப் போறேன்? நான் பாட்டுக்கு சமைக்கறேன்"னாங்க. அப்படி ஒரு அடக்கம். எனக்கே கொஞ்சம் பாவமாப் போச்சு.

வந்தா ஒரு பொண்ணு. எஸ்தர்னு பேரு. சின்னப் பொண்ணும்மா, என் ரெண்டாவது மருமக வயசுதான் இருக்கும். கூட ரெண்டு ஆளுங்க. கையில ஒரு இரும்புக் குழாய், மேல கைப்பிடி. அதைத் தரையில வச்சுத் திருகினா மண்ணு உருளையா உள்ளேர்ந்து வருது, புட்டுக் குழல்லேர்ந்து புட்டு வர்ற மாதிரி. மொதல்ல நான் மண்ணு கொட்டின எடத்துல திருகினா. டக்குன்னு செங்கல்லு. இன்னொரு எடம். டைல்ஸ் துண்டு. இன்னொரு எடத்துல யாரு வீட்டு வாஷ்பேசினோ. "என்ன ஆன்ட்டி இது"ன்னா. எங்க ஊரு மண்ணு அப்படித்தாம்மா, கெட்டி மண்ணுன்னேன்.

அதுக்கப்புறம் துணி துவைக்கற கல்லு பக்கத்துல திருகினா. வந்துது பாரு, சாம்பல் கலர்ல, வழவழன்னு, நடுநடுவுல துரு புடிச்ச மாதிரி செவப்புப் புள்ளி. நாத்தம் வேற. ஒரு அட்டையை எடுத்து அந்த மண்ணைப் பக்கத்துல வச்சுக் கலர் பாக்கறா. பெயிண்ட் கடை ஷேட் கார்டே தான். எனக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்துடுச்சு, ரூமுக்கு என்ன கலர்னு கேக்கறாளோன்னு. லைட் ரோஸ் போடலாம்னு இருக்கேம்மான்னேன். அவ ஒரு மாதிரி பாத்தா.

அந்த நாத்தம் சோப்புத் தண்ணி நாத்தம்னு நான் சொல்லிக்கிட்டு இருக்கேன், அண்ணி அடுக்களைக் கதவைத் தொறந்துக்கிட்டு வர்றாங்க. கையில கிண்ணம். கீரைக் கூட்டு. "வெயில்ல நிக்கறியே கண்ணு, ஒரு வாய் சாப்பிடு"ங்கறாங்க. அந்தப் பொண்ணு, "இல்லம்மா, அளக்கப் போற வீட்டுல சாப்பிடக் கூடாது"ன்னு சொல்லிடுச்சு. அண்ணி விடுவாங்களா? "சாப்பிட வேணாம், வாசனை பாரு"ன்னாங்க. அவ குனிஞ்சு பாத்தா. பாத்துட்டு, "இது ஆராக்கீரையா"ன்னா.

"ஆமா, நாலு இலை பாத்தியா. எங்க கொல்லையிலதான். தண்ணியில நின்னாத்தான் வரும், காஞ்சா மறைஞ்சுடும், மறுபடி மழை வந்தா தானா வந்துடும். மாசி வரைக்கும் எங்களுக்குக் கீரைக்காரியே வேணாம்"னாங்க அண்ணி. பெருமை! நம்ம தோட்டத்துப் பெருமையைப் பேச வந்துட்டாங்க. நான் கண்ணைக் காட்டறேன், அண்ணி பாக்கவே இல்ல. பார்வை கொஞ்சம் கம்மி அவங்களுக்கு. ஊசியில நூலு கோத்துக் குடுப்பாங்க எனக்கு, ஆனா தூரப் பார்வை கம்மி போல.

"எங்கம்மா இருக்கு அந்தக் கீரை"ன்னா எஸ்தர். அண்ணி கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க குளியலறைக்குப் பின்னாடி. ஒவ்வொண்ணாக் காட்டறாங்க. இது வல்லாரை, இது பொன்னாங்கண்ணி, இது நீர்முள்ளி, முள்ளு குத்தும் பாத்து வான்னு. பொண்ணு பார்க்க வந்தவங்களுக்கு நகை காட்டற மாதிரி காட்டறாங்க. அந்தப் பொண்ணு எழுதிக்கிட்டே போவுது. போறப்போ ஒரு கட்டு பறிச்சுக் குடுத்தாங்க, சமைச்சதுதானே வேணாம்னே, பச்சையா வாங்கிக்கன்னு. நான் ஓடிப் போய், அண்ணி வேரைக் கிள்ளிக் குடுங்க, சேறு ஒட்டியிருக்குன்னேன். "வேரோட இருந்தாத்தான் வாடாது வனஜா"ன்னாங்க. அவ வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிக் கடைவான்னு பாத்தா, பிளாஸ்டிக் பையில போட்டு மேல பேரெழுதி ஒட்டறா!

எறங்கறவங்க முன்னாடி வாங்கன்னு அந்தக் கண்டக்டர் ஏன் இப்படிக் கத்தறாரு? காது போவுது.

இன்னும் கேளு. அந்தச் சுவரு. எஸ்தர் அதைப் பாத்துட்டு, "ஏன் கீழ்ப்பாதி மட்டும் சுண்ணாம்பு"ன்னா. அது ஒரு ஃபேஷன்மான்னேன். அப்ப பாத்து அண்ணி ஈரத்துணியை எடுத்துட்டு வந்து சுவரைத் தொடைக்கறாங்க. தூசியாம்! வந்தவங்க முன்னாடி சுவரு தூசியா இருந்தா வீட்டுக்கு மரியாதை இல்லையாம். காயாத சுண்ணாம்பு, ஒரு இழுப்புல வந்துடுச்சு. உள்ள பளிச்சுனு பழுப்புக் கோடு. இந்தச் சுத்தம் சுத்தம்னு ஒரு வியாதி அவங்களுக்கு, நான் என்ன செய்ய?

கடைசியா அடுக்களைக்கு உள்ள எட்டிப் பாத்தா எஸ்தர். ஃப்ரிட்ஜைக் காட்டி, ஏன் செங்கல் மேல இருக்குன்னு கேட்டா. நல்லவேளை சொல்லி வச்சிருந்தேன். அண்ணி பட்டுனு சொன்னாங்க, "எலிக்குத்தாம்மா." எனக்கு அப்பாடான்னு இருந்துது. அவங்க அதோட நிறுத்தல. "ராவும் பகலும் தொல்லை, பின்னாடிலேர்ந்து நீந்தி வந்துடுது"ன்னாங்க.

ஐயோ, சிரிக்காத, பின் சீட்டுல எல்லாரும் பாக்கறாங்க.

அப்புறம் கொடி நட்டாங்க. இத்துனூண்டு ஆரஞ்சுக் கொடி, கம்பியில கட்டினது. வரிசையா நட்டுக்கிட்டே வர்றாங்க. தெருவுல எல்லாம் வந்து, எலக்ஷனே இல்லையே, இது எந்தக் கட்சின்னு எட்டிப் பாக்கறாங்க. எதிர்வீட்டுக்காரரு அவரு கட்சிக் கொடியைக் கொண்டாந்து பக்கத்துலயே ஒண்ணு நட்டுட்டாரு, நாங்க மட்டும் என்ன கொறைஞ்சவங்களான்னு. எஸ்தர் அதைப் புடுங்கி அவருகிட்டயே குடுத்துச்சு. சுத்துச் சுவர்லேர்ந்து கிளம்புது கொடி, துவைக்கற கல்லைத் தாண்டுது, வந்து வந்து வந்து, அடுக்களைப் பின்வாசப்படியிலேர்ந்து ஒரு ஜாண் தள்ளி நிக்குது. வீடு ஏற்கெனவே இருக்கறதால ஒண்ணும் பண்ண மாட்டாங்களாம். பின்னாடி மட்டும் எதுவும் எழுப்பக் கூடாது. நான் ரூம் போட நெனச்ச எடம் மொத்தமும் கொடிக்கு அந்தப் பக்கம். ரூம் போச்சு.

நான் அங்கேயே ஒக்காந்து அழுதுட்டேம்மா. அந்தப் பொண்ணு பக்கத்துல வந்து குந்திக்கிட்டு சொல்லுது, "ஆன்ட்டி, இந்த எடம் மழைத் தண்ணியை வாங்கி வச்சுக்குது. இங்க நிக்கலைன்னா அது உங்க ஹாலுக்குள்ளதான் நிக்கும்"னு. ஏற்கெனவே ஹாலுக்கு வரத்தாம்மா செய்யுது, ஒரே ஒரு தடவை, படகுல ஏத்திட்டுப் போனாங்களே அந்த வருஷம்னேன். எழுதிக்கிட்டா அதையும்.

அண்ணி வந்து என் கையைப் புடிச்சு எழுப்பினாங்க. "விடு வனஜா. எனக்குக் குடுத்து வைக்கல. நான் இப்படியே உன் அடுக்களையில ஒரு மூலையில இருந்துக்கறேன்"னாங்க. எவ்வளவு வருத்தம் பாரு அவங்களுக்கு. வெளிய காட்டிக்கல. அன்னைக்கு சாயந்தரம் பாத்தா கேசரி கிண்டறாங்க. நெய்யு வழிய வழிய, முந்திரி போட்டு. இன்னைக்கு எதுக்கு அண்ணி கேசரின்னேன். "ரவையில வண்டு வந்துடும் போல இருந்துது"ன்னாங்க. வாய்க்குள்ளயே ஒரு பாட்டு வேற. துக்கத்தை மறைக்கத்தான். மனுஷங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி மறைப்பாங்க.

ஏம்மா இப்படிச் சிரிக்கற? கேசரியில என்ன சிரிப்பு உனக்கு? என்ன, என் கையை ஏன் தட்டற? இரும்மா, முக்கியமான எடத்துல இருக்கேன். ரவையில வண்டு வராதா? ரவையில வண்டு...

இரு.

இரு இரு. அந்த ரவை மொத நாள்தான் வாங்கினேன். பாக்கெட்டே பிரிக்கல.

வல்லாரையை அறுக்காதன்னாங்க. வேரோட குடுத்தாங்க. சுவரைத் தொடைச்சாங்க. அவங்க அந்தச் சுவரை அதுக்கு முன்னாடி ஒரு நாளும் தொடைச்சதே இல்லம்மா! எலி... எலி நீந்துது... அடிப்பாவி அண்ணி!

வெள்ளந்தின்னேனே! ஒக்கார வச்சு நான் பாடம் எடுத்தேனே அவங்களுக்கு! வாயே தொறக்காம, சமைக்கறேன் சமைக்கறேன்னு சொல்லிச் சொல்லியே அவ்வளவு பெரிய ரூமை இடிச்சுட்டாங்களே, கட்டறதுக்கு முன்னாடியே! வேணாம்னா வேணாம்னு சொன்னா என்ன? வாயி இருக்குல்ல? நான் என்ன பேயா? "எனக்குத் தனி அடுப்பு வேணாம் வனஜா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...

ரெண்டு தடவை கேட்டாங்க இல்ல. தனி அடுப்பா, தனி அடுப்பான்னு. நான் காது மந்தம்னு கத்தினேன்.

எனக்கு டெங்கு வந்துதும்மா ஒரு வருஷம். எங்க பக்கம் கொசு கொஞ்சம் ஜாஸ்தி. ஆஸ்பத்திரியில பெஞ்சுல ஒக்காந்துக்கிட்டே இருந்தாங்க அவங்க. வீட்டுக்குப் போங்க அண்ணின்னா, அங்க யாரு இருக்கா நான் சண்டை போடறதுக்குன்னாங்க. எனக்கும் இப்ப சொன்னா என்ன, அவங்க ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயி நாலு நாள் இருந்துட்டா உப்பு டப்பா வச்ச எடத்துலயே இருக்கும். நானே எடுத்து வலது பக்கம் தள்ளி வைப்பேன்.

என்னம்மா சொல்ற? தாலுகா ஆபீஸ் போயிடுச்சா? எப்ப? கண்டக்டர் கத்தினாரே, அதுவா? நீ ஏம்மா சொல்லல? சொன்னியா? கையைத் தட்டினியா? சத்தமாச் சொல்லியிருக்கணும்ல! உன்னாலதான் போச்சு என் ஸ்டாப்பு. என்னைப் பேச விட்டு வேடிக்கை பாத்துட்ட.

பேச விட்டு...

பேசிக்கிட்டே போன்னாங்களே! ஜன்னலோரம் ஒக்காந்து, நல்ல முகமாப் பாத்து, நேரம் போறதே தெரியாதுன்னு! அவருக்கு முதுகு வலியாம், நேத்து முழுக்க ஏணி மேல ஏறி ஒட்டடை அடிச்சாரு அந்த மனுஷன்! என்னைத் தெரியும் அவங்களுக்கு. சீரியல்ல அடுத்தது என்னன்னு சொல்ற மாதிரி, நான் எந்த ஸ்டாப்ல எறங்க மாட்டேன்னு கூடச் சொல்லியிருப்பாங்க.

எதிர்ல பஸ் வருமே, எறங்கி ஏறினா அஞ்சு நிமிஷம்தான்னு சொல்றியா? வரும்தான். ஆனா வெயிலைப் பாரும்மா. எனக்கு முட்டி வேற புடிச்சுக்கிச்சு. அந்தப் பஸ்ஸுல கூட்டம் வேற எப்படி இருக்குமோ. அங்க போனா அவரு இல்ல இவரு இல்லம்பாங்க. நேரம் இருக்குதான், நான் இல்லைங்கல. நீ வயசுப் பொண்ணு, உனக்குத் தெரியாது இதெல்லாம். நான் கடைசி ஸ்டாப் வரைக்கும் உன்கூட வந்துட்டு, இதே பஸ்ஸுல திரும்பிடறேன்.

இந்தா, டப்பாவைத் தொற. அண்ணி கட்டிக் குடுத்தது. புளிசாதம், கீரை வடை. வடை எத்தனை வச்சிருக்காங்க பாரு, ஒரு ஆளு திங்கற அளவா இது? பக்கத்துல ஒக்காரப் போறவளுக்கும் சேத்துக் கட்டியிருக்காங்க. எடுத்துக்க, நல்லா இருக்கும், எங்க கொல்லைக் கீரை.

ஆனா சும்மா விட மாட்டேம்மா அவங்களை. போனதும் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே சொல்லப் போறேன், "அண்ணி, மனுவைக் குடுத்துட்டேன், உடனே ஒத்துக்கிட்டாங்க, வர்ற வெள்ளிக்கிழமை பூமி பூஜை"ன்னு. அந்த மூஞ்சியை நான் பாக்கணும். என்னை என்ன ஆட்டு ஆட்டி வச்சாங்க! இன்னைக்குப் பூரா முழிக்கட்டும். தனி அடுப்பு, தனி உப்பு டப்பா, லைட் ரோஸ் கலருன்னு அடுக்கிக்கிட்டே போகப் போறேன். நாளைக்குக் காலையிலதான் உண்மையைச் சொல்வேன்.

இல்ல, காலை வரைக்கும் வேணாம். சாப்பிட மாட்டாங்க அப்புறம். சாயந்தர காப்பி வரைக்கும்.

அரிசி களைய எந்திரிச்சாங்கன்னா அப்பவே சொல்லிடுவேன்.